கிராமபோன்: பெயரில் புரட்டிப் போட்ட எழுத்தும் ஒலியும்

கிரேக்கத்தில் 'கிரம்மா' என்றால் எழுத்து, 'ஃபோனே' என்றால் குரல், ஒலி. இரண்டையும் சேர்த்தால் கிராமபோன். 1887இல் தன் கருவிக்குக் காப்புரிமை பெற்ற எமில் பெர்லினர் வைத்த பெயர் இது. 'ஃபோனோகிராம்' என்ற சொல்லைத் தலைகீழாகப் புரட்டினால் இதுதான் வரும். எடிசனின் கருவி ஃபோனோகிராஃப். அதைப் புரட்டி 'கிராஃபோஃபோன்' என்று முன்பே பெயர் வைத்துக்கொண்டவர்கள் சிச்செஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் டெய்ன்டரும். கருவிகள் வேறு, பெயருக்கு வேர் மட்டும் அதே இரண்டுதான்!

'ஒலி எழுத்து' என்ற பொருள் உண்மையில் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், நான் எதுவார்-லியோன் ஸ்கொட் த மார்தன்வீல் என்ற பாரிஸ்காரரைத்தான் சொல்வேன். அச்சுத் தொழிலில் இருந்தவர். 1857இல் காப்புரிமை பெற்ற அவர் கருவியில் புனல் வழியாகக் குரல் போய் ஒரு சவ்வை அதிர வைக்கும். சவ்வோடு சேர்ந்து ஆடும் மெல்லிய முள், கரி படிந்த தாளில் நெளிகோடு கிழிக்கும். அவ்வளவுதான். அந்தக் கோட்டைத் திரும்ப ஒலிக்க வைக்கும் வழி அதில் இல்லை. கண்ணால் படிக்கத்தான் அவர் நினைத்தார். 1860இல் அவர் பதிந்த ஒரு பிரெஞ்சுப் பாட்டை 2008இல் கணினி உதவியோடு ஒலிக்கச் செய்தார்கள். முதலில் பெண் குரல் என்றே எண்ணினார்கள். வேகத்தைச் சரிசெய்த பிறகுதான் அது ஆண் குரல், அநேகமாக ஸ்கொட்டே பாடியது என்று தெரிந்தது.

அந்தக் கோட்டைப் பள்ளமாக்கினால் ஒலியை மீட்கலாம் என்று எழுதி, முத்திரையிட்ட உறையில் 1877 ஏப்ரலில் பிரெஞ்சு அறிவியல் கழகத்திடம் கொடுத்தவர் கவிஞர் சார்ல்ஸ் குரோ. கருவியைச் செய்துகாட்ட அவரால் முடியவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் எடிசன் செய்துவிட்டார்.

சரி, பெர்லினர் செய்த புதுமை என்ன? எடிசனின் கருவி ஒலியைப் பதிந்த உருளையை விட்டுத் தட்டுக்கு வந்ததுதான். மெழுகு பூசிய துத்தநாகத் தட்டில் முள் மெழுகைக் கீறும். கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அதிலிருந்து அச்சு எடுத்து எத்தனை படி வேண்டுமானாலும் அழுத்தி எடுக்கலாம்.

இதனால் தமிழில் 'இசைத்தட்டு' நல்ல பெயர். பெர்லினரின் பங்கைக் கிரேக்கப் பெயரைவிட நேராகச் சொல்கிறது. பேச்சும் பதிவானதால் 'ஒலித்தட்டு' இன்னும் துல்லியம், ஆனால் வழக்கில் நின்றது முன்னதுதான். கருவியை 'பாட்டுப்பெட்டி' என்றால் ரேடியோவா என்று குழப்பம் வரும். 'இசைத்தட்டுக் கருவி' போதும்.