கல்யாண டிவிடி மட்டும் ஏன் ஓட மாட்டேன் என்கிறது?

அக்காவின் கல்யாண டிவிடியைப் போன மாதம் பீரோவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பிளேயர் இரண்டு தடவை கிர்ரென்று சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்றது. அதே பிளேயரில் கடையில் வாங்கிய பழைய பட டிவிடி நன்றாக ஓடுகிறது. இரண்டையும் திருப்பிப் பாருங்கள்: படத்தின் வட்டு பளிச்சென்று வெள்ளியாக இருக்கும், கல்யாண வட்டில் லேசாக ஊதா தெரியும். விஷயமே அந்த ஊதாவில்தான்.

கடையில் வாங்குவது அச்சில் அழுத்திச் செய்த வட்டு. பிளாஸ்டிக்கில் நுண்ணிய குழிகள், அதன்மேல் அலுமினியப் பூச்சு. அந்தக் குழிகள் உள்ளேயிருந்து வெளியே ஒரே சுருளாகப் போகின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான்தான் (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), மொத்தச் சுருளையும் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வரும்! பிளேயரின் சிவப்பு லேசர் அதன்மேல் ஓடும்போது, குழியின் விளிம்பு வரும் இடத்தில் திரும்பி வரும் வெளிச்சம் மாறுகிறது. மாறினால் 1, மாறாத நீளமெல்லாம் 0. சிடி லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடி லேசருக்கு 650. அலைநீளம் குறைந்தால் லேசர் புள்ளியும் சிறிதாகும். பேனா முனை மெலிந்தால் எழுத்தைச் சிறிதாக எழுதலாம் இல்லையா, அதே கதைதான்: சிடியில் 700 எம்பி, டிவிடியில் 4.7 ஜிபி.

உறையில் 'டிவிடி 9' என்று இருந்தால் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு லேயர் (அடுக்கு), 8.5 ஜிபி. படம் பாதியில் ஒரு கணம் உறைந்து நின்று மறுபடி ஓடுகிறதா? லேசர் முதல் லேயரை முடித்துவிட்டு அடுத்ததில் போகஸ் செய்கிறது, அவ்வளவுதான், கோளாறு இல்லை. உறையில் உலக உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண் ரீஜன், அதாவது அந்த வட்டு உலகின் எந்தப் பகுதிக்கானது என்பது. அமெரிக்கா 1, சிங்கப்பூர் 3, இந்தியா 5. வட்டின் எண்ணும் பிளேயரின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஓடாது. 'ஆல் ரீஜன்' என்று போட்டிருந்தால் கவலையில்லை.

சரி, ஊதா வட்டு. இதில் குழியே கிடையாது. ஒரு சாயப் பூச்சு இருக்கிறது, ரைட் செய்யும் லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. படிக்கும் வெளிச்சம் அந்தச் சாயத்தைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் வலு குறைந்துவிடுகிறது, லென்ஸ் மங்கிய பழைய பிளேயர் அதனால்தான் முதலில் இந்த மாதிரி வட்டுகளிடம் தோற்கிறது. வருடங்கள் போகப் போக, வெயிலும் சூடும் பட்டால் இன்னும் வேகமாக, சாயமும் கெடும். வட்டின்மேல் 'ஆர்' என்றிருந்தால் ஒரு தடவைதான் எழுதலாம், 'ஆர்டபிள்யூ' என்றால் அழித்து அழித்து எழுதலாம். மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்பவை போட்டியாக இருந்த இரண்டு நிறுவனக் கூட்டணிகளின் முறைகள். பின்னால் வந்த பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் படிக்கும். ரெக்கார்டரிலோ கேமராவிலோ பதிந்த வட்டென்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 'பைனலைஸ்' செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல் விட்டிருந்தால், பதிந்த கருவியைத் தவிர மற்ற பிளேயர்கள் அநேகமாக ஏற்காது.

எங்கள் வட்டை அப்புறம் கம்ப்யூட்டர் டிரைவில் போட்டேன், திறந்துகொண்டது. 'வீடியோ டிஎஸ்' என்ற போல்டரில் 'விஓபி' என்று முடியும் பெரிய கோப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை. படமும் ஒலியும் அவற்றில்தான். இரண்டு கோப்பு காப்பியாகிவிட்டது, மூன்றாவதில் சிக்கி நின்றது. எடுத்துப் பார்த்தால் கைரேகை. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கவே கூடாது: குறுக்கே விழும் கீறலைப் பிழை திருத்தும் கணக்கு பெரும்பாலும் சமாளித்துவிடும், சுருளோடு சேர்ந்து ஓடும் கீறல் தொடர்ச்சியாக விஷயத்தை அழித்துவிடும்.

மறுபடி போட்டதும் மூன்றாவது கோப்பு வந்தது. தாலி கட்டும் காட்சி அதில்தான் இருந்தது, பக்கத்தில் நின்று அட்சதை போடும் பாட்டியும்.