இன்குனாபுலா: தூளியா, தொட்டிலா?

ராயபுரத்தில் எங்கள் தெருவில் தூளி தொங்காத வீடு குறைவு. உத்தரத்துக் கொக்கியில் அம்மாவின் பழைய புடவை, உள்ளே குழந்தை. பல்கலைக்கழக நூலகங்களின் அரிய நூல் பிரிவில் புழங்கும் ஒரு சொல்லுக்கும் இந்தத் துணிக்கும் உறவு உண்டு. இன்குனாபுலா.

லத்தீனில் 'குனே' என்றால் தொட்டில். அதன் வழி வந்த இன்குனாபுலா, பச்சைக் குழந்தையைச் சுற்றும் துணியையும் தொட்டிலையும் குறித்தது. அப்புறம் எதன் தொடக்கத்துக்கும் பொதுவாயிற்று. அச்சுக்கலையின் பிள்ளைப் பருவம் 1500-ஓடு முடிந்தது என்று 17-ஆம் நூற்றாண்டில் வரம்பு கட்டியவர் ஜெர்மானியரான மாலின்க்ராட். இன்றும் நூலகத்தார் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் தனித்தனி எழுத்துகளைக் கோத்து 1500 முடியும்வரை அச்சான நூல்களே இன்குனாபுலா, 1501 வெளியே. இந்தச் சொல் பன்மை. ஒரு நூலென்றால் இன்குனாபுலம். கேட்பதற்குத் தமிழ்ச்சொல் போலவே இருக்கும்!

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், அத்தியாயத்தின் முதலெழுத்தைத் தேடுங்கள். பல நூல்களில் அந்த இடம் சதுரமாகக் காலியாக இருக்கும், சிலவற்றில் நடுவே பொடியாக ஓர் எழுத்தும் இருக்கும். 'இந்த எழுத்தைச் சிவப்பிலோ நீலத்திலோ பெரிதாக வரையவும்' என்று ஓவியருக்கு அச்சகத்தார் விட்டுவைத்த குறிப்பு அது. சில பிரதிகளுக்கு ஓவியர் வரவே இல்லை, காலி அப்படியே நிற்கிறது. தலைப்புப் பக்கமும் பெரும்பாலும் இராது. அச்சிட்டவர், ஊர், நாள் எல்லாம், நம் ஏடெழுதியவர்கள் செய்தது போல, கடைசியில்தான்.

தமிழில் இன்குனாபுலா உண்டா? கறாராகப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூலான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578 அக்டோபர் 20-இல். 16 பக்கம், தெரிந்த ஒரே பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதைத் தமிழின் இன்குனாபுலம் என்று செல்லமாகச் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நம் வேப்பேரியில் 1779-இல் ஜெர்மானியப் பாதிரியார் பாப்ரிசியுஸ் அச்சிட்ட அகராதி வரை இழுக்கக் கூடாது. புதுச்சேரியில் ஆங்கிலேயர் 1761-இல் கைப்பற்றிய அச்சு இயந்திரம் வந்து சேர்ந்த இடம் வேப்பேரி. அந்த அகராதி அரிய நூல்தான், சந்தேகமில்லை. அரிய நூல் வேறு, இது வேறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொருளுக்கு மிக நெருங்கியது தூளிதான். சுற்றும் துணியும் அதுவே, தொட்டிலும் அதுவே. ஆனால் தூளிக்குப் புழுதி என்றும் பொருள் உண்டே! 'தூளி நூல்' என்று எழுதி வைத்தால் யாராவது துடைப்பத்தோடு வந்துவிடுவார்கள். 'தொடக்ககால அச்சுநூல்' தவறில்லை, ஆனால் அது பெயராக இல்லை, விளக்கமாக இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் தொட்டிலுக்கான 'வீகெ'யையும் அச்சுக்கான 'ட்ருக்'கையும் சேர்த்துத் தங்கள் மொழியிலேயே 'வீகென்ட்ருக்' என்று வைத்துக்கொண்டார்கள். அதே வழியில் நான் எழுதுவது தொட்டிலச்சு.

ஒரு எச்சரிக்கை. பழைய நூலை மல்லாக்கத் திறந்தால் முதுகு விட்டுப்போகும் என்று, காட்சியில் அதைச் சாய்வான தாங்கியில் வைப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் தொட்டில் என்றே பெயர். தமிழில் அதையும் தொட்டிலாக்க வேண்டாம். நமக்குச் சிக்குப்பலகை இருக்கிறது. மண்ணடிப் பக்கம் கேட்டால் ரெஹால் என்பார்கள்.