விளம்பரத்திலும் விற்பனைப் பொருளிலும் புத்தர் உருவம்: சட்டம் அனுமதிப்பதும் தடுப்பதும்

சில மாதங்களுக்கு முன்பு, திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் மேசைமீது இரண்டு சாம்பிள்களை விரித்து வைத்தார். ஒன்று, நெஞ்சுப் பகுதியில் கண்மூடிய புத்தர் முகம் பொன்னிறத்தில் அச்சான டி-சர்ட். மற்றொன்று அரைக்கால் சட்டை. அதே முகம் அதன் பின்பக்கப் பாக்கெட்டில், உட்கார்ந்தால் அடியில் போகும் இடத்தில் அச்சாகியிருந்தது. ஆர்டர் கொடுத்தவர் அந்த முகத்தையே தம் பிராண்டின் டிரேட்மார்க்காகப் பதிவு செய்யவும் வழி கேட்டிருந்தார். "இதெல்லாம் சட்டப்படி செல்லுங்களா?" என்றார் நண்பர். அது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும், வெவ்வேறு சட்டங்களிடம் தனித்தனியே விடை கேட்க வேண்டிய பல கேள்விகள் அதற்குள் இருக்கின்றன.

புத்தர் உருவத்தை அச்சிடுவதையோ, விற்பதையோ, கடை முகப்பில் வைப்பதையோ பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. அதற்கென உரிமம் எதுவும் பெற வேண்டியதுமில்லை. ஸ்பாவின் வரவேற்பறையில் உள்ள சிலையும் யோகா வகுப்பின் நோட்டீசில் உள்ள படமும் அந்தக் காரணத்தால் மட்டும் குற்றமாகிவிடா. அந்த உருவத்தைத் தனக்கே உரியதென ஒருவர் உரிமை கொண்டாடும்போதும், அதை இழிவுபடுத்தும் வகையில் காட்டும்போதும், அரசுச் சின்னத்தோடு குழம்பும்படி பயன்படுத்தும்போதும், அதன் பெயரால் நோய் தீரும் என்று விற்கும்போதும்தான் சட்டம் குறுக்கே வருகிறது.

முதலில் டிரேட்மார்க்கை, அதாவது வணிகக்குறியைப் பார்ப்போம். சிறு தொழில்முனைவோரின் பணம் வீணாகும் இடம் இதுதான். வணிகக்குறிகள் சட்டம், 1999இன் 9(2)(ஆ) பிரிவு, இந்தியக் குடிமக்களில் எந்த ஒரு வகுப்பினர் அல்லது பிரிவினரின் மத உணர்வையும் புண்படுத்தக்கூடிய எதையும் கொண்டிருக்கும் குறியைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. முந்தைய 1958ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தபோதே, பகவான் புத்தர் என்னும் பெயரைப் பதிவு செய்ய வேண்டாம் என மத்திய அரசு பதிவகத்துக்கு அறிவுறுத்தியிருந்தது. சாதாரணமான, தனித்தன்மையற்ற குறிக்குச் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: பல ஆண்டுகள் பயன்படுத்தி மக்களிடம் பெயர் வாங்கிவிட்டதாக நிரூபித்தால் பதிவு கிடைக்கலாம். அந்த விலக்கு 9(1) பிரிவுக்கு மட்டுமே உரியது. மத உணர்வு பற்றிய 9(2) பிரிவுக்கு அது பொருந்தாது. ஆகவே "இருபது வருசமா இதே படம்தான் போட்டு விக்கிறோம்" என்ற வாதம் இங்கே கைகொடுக்காது.

ஊதுபத்திக்கு "ராமாயண்" என்னும் சொல்லைப் பதிவு செய்ய முயன்ற வழக்கில், புனித நூலின் பெயரை எவரும் தம் பொருளுக்கான தனியுரிமைக் குறியாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. வேறு சொற்களோ வடிவமோ சேர்ந்து, அந்தப் பெயர் நூலைக் குறிக்கும் தன்மையை இழந்துவிட்டால் அப்போது பரிசீலிக்கலாம் என்று சிறு இடைவெளியையும் அந்தத் தீர்ப்பு விட்டுவைத்தது. பதிவாகவில்லை என்பதற்காகப் பொருளை விற்கவே கூடாது என்று பொருளல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவு மறுக்கப்பட்டால் தனியுரிமைதான் கிடைக்காமல் போகிறது. பக்கத்துக் கடைக்காரர் அதே முகத்தை அச்சிட்டாலும் தடுக்க முடியாது என்பதே நடைமுறை விளைவு.

விண்ணப்பம் சென்னை கிண்டியில் உள்ள வணிகக்குறிகள் பதிவகத்துக்குச் செல்லும், இணையவழியிலேயே அனுப்பலாம். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, கட்டணம் 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். ஆடைகள் 25ஆம் வகுப்பில் வரும். பரிசோதகர் ஆட்சேபம் எழுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஏற்கப்பட்ட குறி பதிவகத்தின் வணிகக்குறிகள் இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அவர் போட்டி வணிகராக இருக்க வேண்டியதில்லை, புத்த சமயத்தைப் பின்பற்றும் ஒரு குடிமகனாக இருந்தாலே போதும்.

9(2)(ஆ) பிரிவில் வரும் "எந்த ஒரு பிரிவினரும்" என்ற சொல்லைக் கொங்குப் பகுதியில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தெருவில் புத்த விகாரை இல்லை, ஆட்சேபிக்க அண்டை வீட்டார் இல்லை. அதனால் புத்தர் முகம் கேட்பாரற்ற அலங்காரப் பொருள் என்ற எண்ணம் இங்கே எளிதில் வந்துவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 84 லட்சம் பௌத்தர்கள் உள்ளனர். அவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் மகாராஷ்டிரத்தில் வாழ்கின்றனர். திருப்பூர்ச் சரக்கு அங்கும் போகிறது. தவிர, புத்தர் நமக்கு அயலாரும் அல்லர். சேலம் கோட்டை சாலைப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வழிபடப்பட்டுவந்த சிலை, மகாலட்சணங்கள் என்னும் புத்தருக்குரிய உடற்குறிகளைக் கொண்டிருப்பதாகத் தொல்லியல் துறை அறிக்கை அளித்தது. அதை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் அது புத்தர் சிலையே என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு வணிகம் பற்றியதல்ல. ஆனால், எண்ணிக்கையில் சிறியவர்களின் உரிமையையும் நீதிமன்றம் செவிகொடுத்துக் கேட்கும் என்பதற்கு நம் மாவட்டத்துப் பக்கமே அது ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்தது சக்கரம். புத்தர் முகத்தைவிட, அவர் போதனையைக் குறிக்கும் தர்ம சக்கரம்தான் சட்டத்தில் கடுமையாகக் காக்கப்படுகிறது. காரணம் சமயம் அல்ல, அரசு. சாரநாத்தில் கிடைத்த அசோகரின் சிங்கத் தூண் தலைப்பே நம் அரசு இலச்சினை. 1950ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டத்தின் அட்டவணையில் "அசோகச் சக்கரம்", "தர்ம சக்கரம்" என்னும் சொற்களும், தேசியக் கொடியில் உள்ள சக்கரத்தின் வடிவமும் இடம்பெற்றுள்ளன. மத்திய அரசின் அனுமதியின்றி இவற்றைத் தொழிலுக்கோ டிரேட்மார்க்குக்கோ பயன்படுத்தக் கூடாது. சிங்க இலச்சினைக்கு 2005இல் தனிச் சட்டமே வந்தது. அதை மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனவே 24 ஆரங்கள் கொண்ட நீலச் சக்கரத்தை "ஜென் டிசைன்" என்று பெயரிட்டு அச்சிடுவது புத்தர் முகத்தை அச்சிடுவதைவிட ஆபத்தானது.

விளம்பரத்துக்கு வேறு அளவுகோல் இருக்கிறது. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994இன் 7ஆம் விதி, விளம்பரம் சந்தாதாரர்களின் ஒழுக்க உணர்வையும் கண்ணியத்தையும் மத உணர்வையும் புண்படுத்தக் கூடாது என்கிறது. உள்ளூர்ச் சேனலில் ஓடும் நகைக்கடை விளம்பரத்துக்கும் இது பொருந்தும். குறை இருப்பவர் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். 15 நாட்களுக்குள் அது முடிவு சொல்லியாக வேண்டும் என்று 2021இல் விதி திருத்தப்பட்டது. 1985இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் என்னும் தொழில்துறைத் தன்னொழுங்கு அமைப்பிலும் புகார் கொடுக்கலாம்.

குற்றவியல் சட்டம் கடைசிப் படி. பலர் முதலில் பயப்படுவது இதற்குத்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, மத உணர்வைப் புண்படுத்தும் "திட்டமிட்ட, தீய நோக்கத்தோடு" செய்யப்படும் அவமதிப்புக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. தீய நோக்கம் என்பதுதான் இதன் உயிர்நாடி. கிரிக்கெட் வீரர் தோனியை விஷ்ணுவாகச் சித்தரித்து ஒரு வணிக இதழ் அட்டைப்படம் வெளியிட்டதற்காகத் தொடரப்பட்ட வழக்கை 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, கவனக்குறைவாலோ தீய நோக்கமின்றியோ நேர்ந்த அவமதிப்பு இந்தப் பிரிவில் அடங்காது என்று விளக்கியது. மேலும், அரசின் முன் அனுமதியின்றி நீதிமன்றம் இந்தக் குற்றத்தை விசாரணைக்கு ஏற்க முடியாது. நண்பரின் பின்பாக்கெட் அச்சு ரசனையற்றது என்பது என் எண்ணம். ஆனால் அதுவே குற்றம் என்று சொல்லிவிட முடியாது.

நோய் தீர்ப்பதாகச் சொல்லி விற்பவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அன்பளிப்புப் பொருள் கடைகளில் தொப்பையோடு சிரிக்கும் "லாஃபிங் புத்தா" உண்மையில் கௌதம புத்தர் அல்லர். புதாய் என்னும் சீனத் துறவியின் உருவம் அது. அதை அழகுக்காக விற்பதில் தவறில்லை. சர்க்கரை நோய் குணமாகும் என்று எழுதி விற்றால், தாயத்து, மந்திரம், கவசம் எல்லாவற்றையும் உள்ளடக்கிய 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவங்கள் சட்டம் பாயும்.

ஏற்றுமதியில் மேற்சொன்ன இந்திய அளவுகோல் எதுவும் காப்பாற்றாது. சரக்கு இறங்கும் நாட்டின் சட்டமே ஆளும். மியான்மரில், தலையில் ஹெட்போன் மாட்டிய புத்தர் படத்தை மதுக்கூடத்தின் விளம்பரமாக வெளியிட்டதற்காக, நியூசிலாந்துக்காரரான மேலாளர் உள்ளிட்ட மூவருக்கு 2015இல் இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இலங்கையில் 2014இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பயணி நாடு கடத்தப்பட்டார். பின்னர் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2019இல் அதே நாட்டில், உடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்ம சக்கரம் என்று எண்ணி ஒரு பெண்ணைக் காவல்துறை கைது செய்தது. துணியில் அச்சடிப்பவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நண்பர் டி-சர்ட் ஆர்டரை எடுத்துக்கொண்டார். அரைக்கால் சட்டைக்கான ஸ்கிரீனைக் கழுவி அலமாரியில் சாய்த்துவிட்டார். டிரேட்மார்க் விண்ணப்பத்தில் முகத்துக்குப் பதிலாக, ஆர்டர் கொடுத்தவரின் ஊர்ப் பெயரும் அவர் பாட்டியின் பெயரும் சேர்ந்த ஒரு புதுச் சொல் போயிருக்கிறது.