வண்டி குதிகாலில் இடிக்கிறதா?

இடுப்பு வலி என்று என்னிடம் வருபவர்களின் கணுக்காலையும் ஒருமுறை பார்த்துவிடுவேன். பிசியோதெரபியில் இருக்கும் எனக்கு இந்தப் பழக்கம் ஒரு நோயாளியால் வந்தது. அவருடைய வலது காலில், குதிகாலுக்குச் சற்று மேலே, குறுக்காக மூன்று கீறல்கள். ஒன்று ஆறிய தழும்பு, ஒன்று பொருக்குத் தட்டியது, இன்னொன்று புதுசு. மூன்றும் ஒரே உயரத்தில்.

"வண்டி ஏதாவது இழுக்கிறீர்களா?" என்று கேட்டேன். விறகு கொண்டுவர நாலு சக்கர வண்டி ஒன்று வாங்கியிருந்தார். அதன் இழுப்புக் கம்பி குட்டை. நேராக இழுத்து நடந்தால் வண்டியின் முன்விளிம்பு காலில் இடிக்கும். அதற்குப் பயந்து உடம்பைப் பக்கவாட்டில் திருகிக்கொண்டு, ஒரே கையால், மாதக்கணக்கில் இழுத்திருக்கிறார். நான் கொடுத்த பயிற்சிகள் ஓரளவுக்குத்தான் உதவின. ஒரு வெல்டரிடம் கொடுத்துக் கம்பியை நீட்டிய பிறகுதான் வலி உண்மையாகவே குறைந்தது.

வண்டி வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது 'எத்தனை கிலோ தாங்கும்' என்ற எண்ணைத்தான். அது வண்டி தாங்கும் கணக்கு. இழுக்கிற ஆள் தாங்குவாரா என்பது வேறு கணக்கு. நல்ல நிலையில் உள்ள வண்டியில் 200 கிலோ ஏற்றி வழுவழுப்பான தரையில் நகர்த்திக்கொண்டு போக, சுமார் 4 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். அதே சுமை இளகிய மண்ணில், மேடுபள்ளத்தில் 20 கிலோ வரை கேட்கும். 12 அடிக்கு 1 அடி ஏறும் சரிவாக இருந்தால் அதற்கு மேல் இன்னும் 16, 17 கிலோ சேரும். நின்ற வண்டியைக் கிளப்பும் அந்த முதல் இழுப்புக்கு இதைவிடவும் அதிகம் வேண்டும். இடுப்பு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அப்புறம், விறகு. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கலாம். காய்ந்த விறகை ஏற்றிப் பழகியவர்கள் பச்சை விறகையும் அதே உயரத்துக்கு அடுக்கிவிடுவார்கள். பார்வைக்கு அதே சுமை, கைக்கு அப்படி இல்லை.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? என்னைக் கேட்டால் முதலில் சக்கரம். வழியில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு வேர் குறுக்கே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஏற, 25 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு 40 செ.மீ. சக்கரத்தைப் போல ஒன்றரை மடங்கு விசை வேண்டும். தொட்டி பெரிதாக, சக்கரம் சின்னதாக இருக்கும் வண்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்து அச்சு. வளையாமல் தாங்கும் பலம், அச்சின் விட்டம் கூடக்கூட மிக வேகமாக ஏறும். 16 மி.மீ. அச்சை விட அதே எஃகில் செய்த 20 மி.மீ. அச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். கடகடவென்று ஆடினாலோ கரகரத்தாலோ அந்த வண்டி வேண்டாம்.

காற்றடிக்கும் டயர் மண்ணில் சுலபமாக உருளும், ஆனால் முள் குத்தினால் நின்றுவிடும். முள் நிறைந்த இடத்துக்குக் காற்றில்லாத டயர் நல்லது. காற்று அடிக்கும்போது ஒரு எச்சரிக்கை: டயரின் பக்கச்சுவரில் எழுதியுள்ள அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். இந்தச் சின்ன டயர்கள் பெரிய கம்ப்ரஸரில் சில நொடிகளில் நிரம்பிவிடும். அளவு மீறினால் டயரோ ரிம்மோ வெடித்துக் கையையும் முகத்தையும் பதம்பார்க்கும். இரண்டு பாதியாகச் சேர்த்து முடுக்கிய ரிம்மின் நட்டுகளை, காற்றை முழுவதும் இறக்காமல் ஒருபோதும் கழற்றாதீர்கள்.

ஒற்றைச் சக்கர வண்டி குறுகலான வழிக்குச் சரி, ஆனால் சுமையில் ஒரு பங்கு எப்போதும் உங்கள் கையில் தொங்கும். சக்கரத்திலிருந்து கைப்பிடி வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கில் சுமை உட்கார்ந்தால், 150 கிலோவில் 50 கிலோவை நீங்கள் தூக்குகிறீர்கள். இரண்டு சக்கர வண்டியில் சுமையை அச்சுக்கு நேர் மேலே அடுக்கினால் கைக்கு வரும் எடை மிகக் குறைவு. நாலு சக்கரத்தில் தூக்கவே வேண்டாம். ஆனால் முன் அச்சு முழுவதும் திரும்பும் வகையாக இருந்தால், இழுப்புக் கம்பியை ஒரேயடியாகத் திருப்பும்போது வண்டி ஒருபக்கம் சாயும். உயரமாக அடுக்கியிருந்தால் கவிழ்ந்தே போகும்.

கைப்பிடியைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள். தள்ளும் வண்டி என்றால் நிமிர்ந்து நின்று பிடியுங்கள். பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் வர வேண்டும், குனிய நேர்ந்தால் அது உங்களுக்கான உயரம் இல்லை. இழுக்கும் வண்டி என்றால் பத்தடி இழுத்து நடங்கள், வீட்டில் நடக்கிற அதே எட்டு வைத்து. கால் இடித்தால் வாங்காதீர்கள், அல்லது கம்பியை நீட்டித் தரச் சொல்லுங்கள். இழுக்கவும் தள்ளவும் இரண்டுக்கும் வசதி இருந்தால், முடிந்த இடத்திலெல்லாம் தள்ளுங்கள். இரண்டு கையும் உடம்பின் எடையும் சேர்ந்து வேலை செய்யும், இடுப்பும் திருகாது.

இந்த வண்டிகளில் பலவற்றுக்கு பிரேக் கிடையாது. சரிவில் இறங்கும்போது பாதிச் சுமையோடு போங்கள், வண்டிக்குக் கீழ்ப்பக்கம் நிற்காதீர்கள். கைவிட்டுப் போனால் போகட்டும், ஓடிப் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஏற்கனவே வலியோடு இழுத்துக்கொண்டிருப்பவர்கள் சில நாள் நிறுத்திப் பாருங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ பாதம் மரத்தாலோ தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், அல்லது தொடைகளின் உட்புறமும் உட்காரும் இடமும் உணர்விழந்தால், என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டிடம் வர வேண்டாம். அந்த நிமிடமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.