தீயரண்

ஃபயர்வால் என்ற ஆங்கிலச் சொல் கணினிக்கு மூத்தது. நெருக்கிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவாதபடி இடையில் எழுப்பிய தடித்த சுவருக்கே முதலில் அந்தப் பெயர். பிறகு மோட்டார் வண்டியில் எஞ்சினுக்கும் ஆட்கள் அமரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டுக்கும் அது ஒட்டிக்கொண்டது. 1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் வோர்ம் என்ற நிரல் கணினி விட்டுக் கணினி பரவியபோது, வலையமைப்புக்கும் அப்படியொரு தடுப்பு வேண்டும் என்பது எல்லோருக்கும் உறைத்தது.

ஃபயர்வால் எனப்படும் அந்தத் தடுப்புக்குத் தமிழில் தீச்சுவர், தீயரண் என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு முதல் சொல் எளிதில் பிடித்துப்போகும். வயல்களுக்கு நடுவே பயிரின்றி விடும் தீத்தடுப்புப் பாதையை இங்கே பார்த்திராதவர் குறைவு. ஆனால் அந்தப் பாதையின் வேலை எதையும் கடக்க விடாமல் இருப்பது. அலுவலக ஃபயர்வாலோ டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளைக்குச் செல்லும் விலைப்பட்டியலைப் போக விட வேண்டும். முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வரும் இணைப்பை நிறுத்த வேண்டும். யார், எங்கிருந்து, எந்த வாசல் வழியாக என்று கேட்டு முடிவெடுப்பது சுவரின் வேலையன்று. வாயிலும் காவலும் உள்ள அரணின் வேலை. ஆகவே தீயரண் என்பதே பொருத்தமான சொல்.

திருக்குறளின் 75ஆம் அதிகாரத்துக்குப் பெயரே அரண். காக்க வேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளே பரப்புப் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்கிறது அதில் ஒரு குறள்: 'சிறுகாப்பிற் பேரிடத்த தாகி'. கிளை அலுவலகத்தில் தீயரண் வைப்பவர் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். தேவையில்லாத வாசல்களை எல்லாம் மூட வேண்டும். குறிப்பாக, கருவியை நிர்வகிக்கும் வலைப்பக்கம் இணையத்தில் எவருக்கும் தெரியும்படி இருக்கவே கூடாது.

அதிகாரத்தின் கடைசிக் குறள் இன்னும் கூர்மையானது. எத்தனை மாட்சி இருந்தாலும், செயல்திறன் இல்லாதவரிடம் அரண் இருந்தும் இல்லாததே என்கிறது. ஃபோர்ட்டிகேட் என்ற வகைத் தீயரண்களில், அலுவலகங்களை இணையம் வழியே மறைவாக இணைக்கும் விபிஎன் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2019 மே மாதமே திருத்தம் வெளியாகிவிட்டது. அதைப் போடாமல் விட்ட கருவிகளிலிருந்து திருடிய விபிஎன் கடவுச்சொற்கள் 2021 செப்டம்பரில் வெளியே வந்தன. ஏறத்தாழ 87,000 கருவிகள். பிறகு திருத்தம் போட்டும் கடவுச்சொல்லை மாற்றாதவர்களும் அகப்பட்டார்கள். கருவி வாங்கும்போது விலையை மட்டும் கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும், உரிமத்தைப் புதுப்பிக்க ஆண்டுக்கு எவ்வளவு, கிளையில் அதைப் போடப்போவது யார் என்று கேளுங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் நம்பிவிடாதீர்கள். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்தோடு விபிஎன் ஓடும்போது கிடைக்கும் வேகம் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

விபிஎன்னுக்கு 'மெய்நிகர் தனியார் வலையமைப்பு' என்று பலர் எழுதுகிறார்கள். மெய்நிகர் அழகான சொல். தனியார் என்பதுதான் இடறுகிறது. அரசு அல்லாதவருடையது என்ற பொருளை அது தருகிறது. அரசு அலுவலகமும் விபிஎன் வைத்துக்கொள்ளலாமே! 'மெய்நிகர் தனி வலையம்' போதும். பொது இணையத்தின் ஊடே இரண்டு அலுவலகங்கள் தமக்கென அமைத்துக்கொள்ளும் மறைவழி அது.

அந்த வழி அடைபடும் இடங்களில் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. தலைமை அலுவலகத்திலும் கிளையிலும் கடையில் வாங்கிய ரவுட்டரை அப்படியே மாட்டியிருந்தால் இரண்டிலும் 192.168.1 என்றே முகவரிகள் தொடங்கலாம். இணைப்பு உயிரோடிருப்பதாகத் திரை காட்டும். ஆனால் கிளையிலிருந்து தலைமை அலுவலக அச்சுப்பொறியைத் தேடினால் அந்தக் கோரிக்கை கிளைக்குள்ளேயே சுற்றும். கிளைக்கு 192.168.20 என்று வேறு வரிசை கொடுத்தால் தீர்ந்தது. மொபைல் இணைப்பில் ஓடும் கிளைக்கு வெளியிலிருந்து அழைக்கக்கூடிய சொந்தப் பொது முகவரி பெரும்பாலும் இருக்காது. அங்கே கிளைதான் தலைமை அலுவலகத்தை அழைக்கும்படி அமைக்க வேண்டும்.

மின்வெட்டுக்கு ஒரு சிறிய யூபிஎஸ்ஸும் வேண்டும். அதில் தீயரணோடு ஃபைபர் பெட்டியையும் சேர்த்து மாட்டுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.