கண்ணிப்பட்டை: டாங்கியின் ‘ட்ராக்’குக்கு ஒரு தமிழ்ச்சொல்

டாங்கி மாடல் செய்கிறவர்கள் பேச்சில் ஓயாமல் அடிபடும் சொல் ‘ட்ராக்’. சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைதான் அது. ‘ட்ராக்குக்கு என்ன கலர் அடிச்சீங்க?’ என்று கேட்காத ஆள் கிடையாது. இதற்குத் தமிழில் எழுத வேண்டியிருந்தபோது அகராதியைப் புரட்டினேன். ‘தடம்’ என்று இருந்தது. மனம் ஒப்பவில்லை. தடம் என்பது வண்டி போன பிறகு மணலில் கிடப்பது. வண்டியோடு ஓடுவது அல்ல. ஆங்கிலச் சொல்லுக்கும் முதலில் சுவடு, வழி என்றுதான் பொருள். பின்னால்தான் அது தண்டவாளத்துக்கும், அப்புறம் இந்தப் பட்டைக்கும் பெயரானது. அதிலும் ஒரு நியாயம் உண்டு. டாங்கி தன் தண்டவாளத்தைத் தானே முன்னால் விரித்து, அதன்மேல் சக்கரத்தை உருட்டிப் போய், பின்னால் சுருட்டி எடுத்துக்கொள்கிறது.

சரி, வேறு வழியில் போனால்? பட்டை கட்டிய டிராக்டரை 1904-ல் கலிபோர்னியாவில் ஓட்டிப் பார்த்தார் பெஞ்சமின் ஹோல்ட். அது கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்கிறது என்று ஒரு புகைப்படக்காரர் சொல்லப்போய், ‘கேட்டர்பில்லர்’ என்ற பெயர் நிலைத்தது என்பார்கள். ஆனால் ‘கம்பளிப்பூச்சிப் பட்டை’ என்று எழுதினால் படிக்கிறவனுக்கு உடம்பு அரிக்கும்.

‘டாங்கி’யின் கதையும் நம்மூர்க்காரர்களுக்குச் சிரிப்பு மூட்டும். முதல் உலகப்போரில் ஆங்கிலேயர்கள் இந்த ஆயுதத்தை ரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி மறைப்பதற்காக வைத்த பெயர் அது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் முதன்முதலாகப் போர்க்களத்தில் இறங்கியது. இராமநாதபுரத்தின் பழைய ஆங்கில ஆவணங்களில் ‘டேங்க்’ என்றால் கண்மாய்.

சொல் கடைசியில் இராமேசுவரம் போகும் வழியிலுள்ள மண்டபம் ஊரில், பக்கத்து வீட்டு அண்ணன் வாயிலிருந்து வந்தது. திண்ணையில் உட்கார்ந்து, டி-55 என்ற சோவியத் டாங்கியின் 1/35 அளவு மாடல் ஒன்றுக்குப் பட்டை கோத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குத் தொண்ணூறு துண்டுகள்போல வரும். நகத்தளவுகூட இல்லாத துண்டுகள். எதிரே வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன தம்பி, நீயும் கண்ணி கண்ணியாக் கோக்குற?”

கண்ணி! வலையில் ஒவ்வொரு கட்டமும் கண்ணி. சங்கிலியில் ஒவ்வொரு வளையமும் கண்ணி. ‘கண்’ணுக்குத் துளை என்ற பொருளும் உண்டு, அதை ஒட்டி வந்த சொல். சங்கப் பாட்டில் மார்பில் அணிவது தார், தலையில் சூடுவது கண்ணி, அதுவும் தொடுத்ததுதான். இரண்டிரண்டு அடியாகத் தொடுத்த பாட்டுக்கும் அதே பெயர். பராபரக்கண்ணி பாடிய தாயுமானவர் அடங்கிய இடம் இராமநாதபுரத்திலேயே இருக்கிறது. ஆக ஒரு துண்டுக்குக் கண்ணி, முழுதுக்கும் கண்ணிப்பட்டை. மண் அள்ளும் இயந்திரத்தை நம் ஆட்கள் ‘செயின் வண்டி’ என்கிறார்கள். அதையொட்டி ‘சங்கிலிப்பட்டை’ என்றாலும் தப்பில்லை. எனக்கென்னவோ கண்ணிதான் கைக்கு வசமாக இருக்கிறது. ஒரே ஒரு உறுத்தல்: பறவைக்கு வைக்கும் சுருக்கும் கண்ணி, அதிலிருந்து வந்ததுதான் கண்ணிவெடி. டாங்கியின் கண்ணிப்பட்டையை அறுப்பதும் அந்தக் கண்ணிதான்.

மற்றவற்றுக்குப் பெரிய தேடல் தேவையில்லை. தரையின் பக்கம் வரிசையாக எடை சுமப்பவை தாங்கு சக்கரங்கள். டி-55-க்குப் பக்கத்துக்கு ஐந்து. பட்டையை இழுப்பது பல் சக்கரம், சைக்கிளில் சொல்வதேதான். பட்டை நழுவினால் ‘கழன்றுவிட்டது’; அதுவும் சைக்கிள் செயினுக்குச் சொல்வதுதான்.

பெயர் சரியாக இருந்தால் நிறமும் சரியாக வரும் என்பது என் கட்சி. ‘தடம்’ என்று நினைத்தால் தார்ச்சாலைபோலக் கறுப்பு அடிக்கத் தோன்றும். கண்ணி என்று நினைத்தால் நங்கூரச் சங்கிலியைப் போய்ப் பார்ப்பீர்கள். மண்டபம் கரையில் கிடக்கும் ஒன்றைக் கையில் எடுங்கள். வளையமும் வளையமும் உரசும் இடம் வெள்ளிபோல மின்னும். உரசாத பக்கம் காப்பிப்பொடி நிறம். இடுக்கில் மட்டும் செங்காவி. டாங்கிப் பட்டையும் அப்படித்தான். அதில் பெயின்ட் அடித்தாலும் ஓட ஓட நிற்காது. தரையில் தேயும் மேடும், சக்கரம் உருளும் உட்பக்கமும் பளபளக்கும். பள்ளத்தில் மண்ணும் துருவும் தங்கும். ஆகவே கருமை கலந்த பழுப்பை முதலில் பூசுங்கள். அது காய்ந்ததும் தண்ணீராகக் கரைத்த துருநிறத்தை இடுக்கில் மட்டும் ஓட விடுங்கள். மேடுகளில் பென்சில் கரியைத் தேயுங்கள். ஆனால் பாம்பன் உப்புக்காற்றில் ஊறிய இரும்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது: துருவை அள்ளி அப்பிவிடுவோம். என் முதல் டாங்கி, ஓடும் வண்டி மாதிரி இல்லாமல் கடலிலிருந்து இழுத்துப் போட்டது மாதிரி இருந்தது.

தாங்கு சக்கரத்தில் வெளிவிளிம்பு ரப்பர். அதற்கு முழுக் கறுப்பு வேண்டாம், அடர்சாம்பல் போதும். பிரஷ்ஷைச் சுற்றாதீர்கள். சக்கரத்தை ஊதுவத்திக் குச்சியில் செருகி, பிரஷ்ஷை அசையாமல் பிடித்துக்கொண்டு குச்சியைச் சுற்றுங்கள், குயவர் சக்கரம்போல.

வேலை முடிந்ததும் அண்ணனிடம் காட்டினேன். “இம்புட்டுத் துருவா? எண்ணெய் கிண்ணெய் போட மாட்டாங்களா?” என்றார். இந்த மாதிரிப் பட்டையில் கண்ணிகளைக் கோக்கும் ஊசிக்கு எண்ணெய் போடுவதில்லை. போட்டால் மணல் ஒட்டி அரம்போல அறுத்துவிடும் என்றேன். “அப்படிச் சொல்லு” என்று வலைக்குத் திரும்பிவிட்டார்.