புனைமொழி: ‘கான்லாங்’ என்பதற்கு உரிய தமிழ்ச்சொல்

மக்களிடையே தானாக வளராமல், ஒலி, சொல், இலக்கணம் எல்லாவற்றையும் ஒருவர் திட்டமிட்டு அமைத்த மொழியை ‘கான்லாங்’ என்கிறார்கள். ‘கன்ஸ்ட்ரக்டட் லாங்குவேஜ்’ என்பதன் சுருக்கம் இது. கன்ஸ்ட்ரக்ட் இலத்தீனிலிருந்து வந்தது: ‘கோன்’ என்றால் சேர்த்து, ‘ஸ்த்ருஎரே’ என்றால் அடுக்குதல்.

தமிழில் ‘செயற்கை மொழி’ என்று எழுதுகிறோம். பொருள் தவறில்லை. ஆனால் செயற்கை என்றதும் செயற்கை உரமும் செயற்கைப் பட்டும் நினைவுக்கு வந்து, அசலுக்குப் பதிலி என்ற நிழல் விழுகிறது. 1887இல் சாமென்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராந்தோ பல நாட்டாரும் எளிதாகப் பேசிக்கொள்ள எழுந்தது. அதை ‘ஆக்கமொழி’ எனலாம். ஒருவர் தம் காதுக்குப் பிடித்தபடி, அழகுக்காகவே அமைப்பது ‘புனைமொழி’. மாலை தொடுப்பதும் புனைதல், ஓவியம் தீட்டுவதும் புனைதல், கதை கட்டுவதும் புனைதல். மூன்று பொருளும் இந்த வேலைக்குப் பொருந்துகின்றன.

அழகு என்பது இனிமை மட்டும் அல்ல. ‘பாகுபலி’யில் காலகேயர் பேச மதன் கார்க்கி அமைத்த கிளிக்கி, கேட்பவரை மிரட்ட வேண்டிய மொழி, கரடுமுரடுதான் அதன் நயம். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், தம் கதைமாந்தருக்காக ஃபின்னிய மொழியின் ஓசையில் மயங்கிக் குவென்யா என்ற மொழியையும், வெல்ஷ் மொழியின் சாயலில் சிந்தாரின் என்ற மொழியையும் அமைத்தார். இரண்டும் ஒரே மூலமொழியிலிருந்து வெவ்வேறு ஒலிமாற்றங்களால் பிரிந்தவை என்று வைத்துக்கொண்டார். அவர் கதைகளின் ஆள்பெயர், ஊர்ப்பெயர்களில் பழமை மணப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

இதே நுட்பம் தருமபுரிப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. கன்னடத்தில் சொல்முதல் ப, 10ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்து ஹ ஆகத் தொடங்கியது: நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி. அந்த ஹகரமும் தமிழ் வாயில் உதிர்ந்து மாரண்டஅள்ளி ஆயிற்று. புகைக்கு ஹொகெ, புகைகிற கல் ஒகேனக்கல். தெலுங்கிலோ புலி புலியாகவே நின்றுவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கேட்டு வளரும் ஓசூர்க் காதுக்கு இந்த மாற்றங்கள் பழகியவை. புனைமொழி அமைக்க அது பெரிய முதல்.

வேலையை இப்படித் தொடங்கலாம். 12 முதல் 15 மெய், 4 அல்லது 5 உயிர் போதும். 50 வேர்ச்சொற்களை எழுதி, மூன்று விதிகளை வரிசையாகச் செலுத்துங்கள்: சொல்முதல் ப ஹ ஆகும், இரு உயிருக்கிடையில் ப வ ஆகும், ஈற்றுக் குற்றுயிர் கெடும். ‘பெல’ என்பது கல், ‘மி’ என்பது சிறிய என்று வைப்போம். பெல, ஹெல் ஆகும். மிபெல, மிவெல் ஆகும். ஹெல், மிவெல் இரண்டும் ஒரு வேர் என்பது மேலுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்கும். அந்த மறைந்த உறவுதான் மொழிக்கு வயது கூட்டுகிறது. விதிகளின் வரிசை குலைந்தால் விளைவும் மாறும். ‘தொபு’ மேற்கண்ட வரிசையில் தொவ் ஆகும்; ஈற்றுயிரை முதலில் நீக்கினால் தொப் என்றே நின்றுவிடும். ஆகவே வரிசையை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘தொபு’வை நாம் இயல்பாக ‘அன்பு’வின் பு போலத் தொண்டை அதிர ஒலிப்போம், ‘பல்’லின் ப அங்கே வராது. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று ஓரத்தில் குறிக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து அமைத்தவருக்கே உச்சரிப்பு மறந்துபோகும்.

பெரும்பாலான புனைமொழிகள் கெடுவது சொற்பட்டியலில். தலைக்கு ஒரு சொல் வைத்து, அதிலிருந்தே தலைவன், தலைப்பு, தலைச்சன் மூன்றையும் பெற்றால் அது முகமூடி போட்ட தமிழ். தலைவனை ‘முன்செல்பவர்’ என்ற பொருளிலும், தலைச்சனை ‘வாசல் திறந்தவர்’ என்ற பொருளிலும் கட்டிப் பாருங்கள். இன்னொரு கேடு, புதுமைக்காக ஒலிகளை மேலும் மேலும் சேர்ப்பது. ஒலியைச் சேர்ப்பதைவிட நீக்குவது தனிச்சுவை தரும். ரகரமே இல்லாத மொழியில் பத்து வரியை உரக்கப் படித்தால் வேறுபாடு உடனே காதில் விழும்.